எந்தக் காகிதக் குளவி என்று தெரியவில்லையா? சிக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

மரநாரை மென்று காகிதம்போன்ற கூடு கட்டும் காகிதக் குளவியை அடையாளம் காண முயலும் பெரும்பாலோர் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள்: நிறம். மஞ்சள், கறுப்பு, செம்பழுப்பு என்ற மூன்றே சாயங்களை வைத்துக்கொண்டு இந்தக் கூட்டம் உலகெங்கும் வேடம் கட்டுகிறது. போலிஸ்டஸ் என்ற ஒரு பேரினத்தில் மட்டும் 200-க்கு மேற்பட்ட இனங்கள். அவற்றில் தூரத்து உறவுகள் ஒரே உடையில் திரியும். ஒரே கூட்டில் பிறந்த சகோதரிகள் வேறு வேறு உடையில் இருக்கும். எனவே கீழே எந்தச் சிக்கலை எடுத்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் கூடும் இடுப்பும். அடுத்து அது வாழும் நிலப்பகுதி. பிறகு உணர்கொம்பு, முகம், அடிவயிறு. நிறத்தைக் கடைசியில் கேளுங்கள்.

தொடங்கும் முன் ஒன்று. எல்லோரும் மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். பக்கவாட்டுப் படம் இல்லாமல் இடுப்பு தெரியாது. முகத்துக்கு நேரே எடுத்த படம் இல்லாமல் பாதி இனங்களைப் பிரிக்கவே முடியாது. அடிவயிறு தெரியும்படி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். கூடு, நாள், இடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். விடியற்காலைக் குளிரில் குளவிகள் மந்தமாக இருக்கும். அதுவே நல்ல நேரம். கூட்டுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். எட்ட நின்று படத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். குளவிகள் இறக்கையைத் தூக்கிக்கொண்டு உங்களை நோக்கித் திரும்பி நின்றால் அது எச்சரிக்கை, மெல்லப் பின்வாங்குங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறலோ, முகமோ நாக்கோ வீங்குவதோ, மயக்கமோ வந்தால் படமும் வேண்டாம், பெயரும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சற்றுமுன் இறந்த குளவியும் கொட்டும் என்பதால் விரலால் எடுக்காதீர்கள்.

அறிகுறி: செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் சொல்கிறது

காரணம் எளிது. படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகள் அதிகம் படமெடுக்கப்பட்ட இனங்களின் பக்கம் சாய்கின்றன. மேலிருந்து எடுத்த மங்கலான மஞ்சள் உருவத்துக்கு அவை எதையும் சொல்லும்.

வந்த பெயர்களின் முதல் பாதியை மட்டும் பாருங்கள். எல்லாமே போலிஸ்டஸ் என்று தொடங்கினால் பேரினம் ஏறக்குறைய உறுதி, சண்டை இனத்தில்தான். ஒன்று கதண்டு, ஒன்று மண்குளவி, ஒன்று போலிஸ்டஸ் என்று சிதறினால் செயலிக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பொருள். அடுத்த பகுதிக்குப் போங்கள்.

பிறகு நிலப்பகுதி. வேறொரு கண்டத்தில் மட்டும் வாழும் இனத்தின் பெயர் வந்தால் அதை அடித்துவிடலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. காகிதக் குளவிகள் சரக்கோடு சரக்காகக் கப்பலேறும் பேர்வழிகள். ஐரோப்பாவைச் சேர்ந்த போலிஸ்டஸ் டொமினுலா 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் தென்பட்டு, பிறகு அந்தக் கண்டம் நெடுகப் பரவியது. நியூசிலாந்தில் இருக்கும் போலிஸ்டஸ் ஹூமிலிஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே இருக்கும் போலிஸ்டஸ் சைனென்சிஸ் ஆசியாவிலிருந்து வந்தது. தெற்கு ஆசியாவின் மஞ்சள் நிறப் பெரிய குளவி போலிஸ்டஸ் ஒலிவேசியஸ், பசிபிக் தீவுகள்வரை போயிருக்கிறது. துறைமுகத்துக்கோ கிடங்குக்கோ அருகில் எடுத்த படமென்றால் வந்தேறிகளின் பட்டியலையும் ஒருமுறை புரட்டிவிட்டு அடியுங்கள்.

அறிகுறி: மஞ்சளும் கறுப்புமாக இருக்கிறது, காகிதக் குளவிதானா என்பதே சந்தேகம்

முதலில் குளவிதானா என்று பாருங்கள். ஒரே ஒரு சோடி இறக்கை, பெரிய கண்கள், மயிர்போலக் குட்டையான உணர்கொம்பு என்றால் அது குளவி வேடமிட்ட ஈ. முன்கால்கள் கும்பிடுபூச்சியின் கால்கள்போல மடங்கியிருந்தால் அதுவும் குளவியல்ல. வலையிறகிப் பூச்சிகளில் ஒரு வகை, காகிதக் குளவியின் நிறத்தை அப்படியே பூசிக்கொண்டு உலவுகிறது.

குளவிதான் என்றால் உட்கார்ந்திருக்கும்போது இறக்கையைக் கவனியுங்கள். காகிதக் குளவி முன்னிறக்கைகளை நீளவாக்கில் மடித்து வைக்கும். பக்கத்துக்கு ஒரு ஒடுங்கிய பட்டைபோலத் தெரியும். மண்ணைக் குழைத்துக் குழாய்க் கூடு கட்டும் செலிஃப்ரான் வகை மண்குளவிகள் இப்படி மடிப்பதில்லை. சட்டிபோல மண்கூடு கட்டும் தனிக்குளவிகள் மடிக்கும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அவற்றுக்கு நடுக்காலின் கணுவில், கணைக்கால் முடியும் இடத்தில், ஒரே ஒரு முள்தான் இருக்கும். காகிதக் குளவிக்கு இரண்டு. தனிக்குளவிகளின் கால்நகம் நுனியில் பிளந்திருக்கும். காகிதக் குளவியின் நகத்தில் பிளவில்லை. கைலென்ஸில் இது தெளிவாகத் தெரிகிறது.

மிச்சமிருப்பது வெஸ்புலா எனும் மஞ்சள் குளவிகளும் கதண்டுகளும். இவற்றின் வயிறு முன்பக்கம் செங்குத்தாக வெட்டியதுபோலத் தொடங்கும். போலிஸ்டஸின் வயிறு இடுப்பிலிருந்து படிப்படியாகப் பருத்து, நடுவில் தடித்து, மறுபடி கூர்ந்து முடியும். நூற்கும் கதிரின் வடிவம் அது. பறக்கும்போது போலிஸ்டஸின் நீண்ட பின்கால்கள் கீழே தொங்கும். மஞ்சள் குளவி காலை மடக்கிக்கொண்டு விர்ரென்று போகும். கூடு கண்ணில் பட்டால் பேச்சே இல்லை. ஒற்றைக் காம்பில் தொங்கும், உறையில்லாத, அறைகளின் வாய் தெரியும் கூடு என்றால் வெஸ்புலாவையும் கதண்டையும் மறந்துவிடலாம். அவை அறை அடுக்குகளைச் சுற்றிக் காகித உறை போர்த்துபவை.

செத்த மாதிரி கையில் இருந்தால் பின்னிறக்கையை விரித்துப் பாருங்கள். அடியில், உடலை ஒட்டி, ஒரு சின்ன மடல் இருந்தால் காகிதக் குளவி. கதண்டு வகையறாவுக்கு அந்த மடல் கிடையாது.

அறிகுறி: காகிதக் கூட்டில்தான் இருக்கிறது, ஆனால் இடுப்பு நூல்போல் நீண்டிருக்கிறது

அப்படியானால் போலிஸ்டஸில் தேடுவதை நிறுத்துங்கள். போலிஸ்டஸின் முதல் வயிற்று வளையம் புனல்போல விரியும். நீண்ட காம்பாக நிற்காது. காம்பு இருந்தால் வேறு பேரினம், எந்தப் பேரினம் என்பதை முக்கால்வாசி நிலப்பகுதியே சொல்லிவிடும்.

அமெரிக்கக் கண்டங்களில் அது பெரும்பாலும் மிஸ்கோசிட்டாரஸ். உறுதிசெய்ய நடுக்காலின் அல்லது பின்காலின் பாதத்தைப் பாருங்கள்: பாதக் கணுக்களின் இரு பக்க மடல்களில் உள்பக்கத்து மடல் வெளிப்பக்கத்தைவிட நீண்டிருக்கும். ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்றால் ரோப்பாலிடியா. இதற்கு ஒரு வேடிக்கையான அடையாளம் உண்டு. இரண்டாம் வயிற்று வளையத்தின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒட்டிப்போய் ஒரு குடுவையாகிவிட்டன. அதற்குப் பிந்திய வளையங்களை அது அந்தக் குடுவைக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் சில படங்களில் வயிறு பாதியில் அறுந்ததுபோலத் தோன்றும். ‘வயிறு உடைந்த குளவி’ என்று யாராவது படம் அனுப்பினால் முதலில் ரோப்பாலிடியாவை நினையுங்கள். பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ரோப்பாலிடியா மார்ஜினாட்டா இந்தப் பேரினம்தான்; செம்பழுப்பு உடலில், வயிற்றைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம்.

ஆப்பிரிக்காவில் காம்பு மிக நீண்டு, குளவியும் பெரிதாக இருந்தால் பெலோனோகாஸ்டர். ஆசியாவில் வெளிர் மஞ்சளாக, மெலிந்து, ஒல்லிக் காம்போடு இருந்தால் பாராபோலிபியாவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் இனம்வரை போவது படத்தால் பல சமயம் நடக்காது.

அறிகுறி: உணர்கொம்பு ஆரஞ்சு, டொமினுலா என்று எழுதிவிடலாமா?

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகப் போவதும் இதுதான். பதில் நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

வட அமெரிக்காவில், கறுப்பு உடலில் கூர்மையான மஞ்சள் கோடுகளும் ஏறக்குறைய முழுக்க ஆரஞ்சான உணர்கொம்பும் சேர்ந்து வந்தால் டொமினுலா என்பது நல்ல ஊகம். அங்கும் மேற்குப் பகுதியில் வயிற்றில் மஞ்சள் பரந்த போலிஸ்டஸ் ஆரிஃபர் ஒன்று நடுவில் புகுந்து குழப்பும். தெற்கில் போலிஸ்டஸ் எக்ஸ்க்லமான்ஸ் இருக்கிறது. அதன் உணர்கொம்பு அடியில் சிவப்பு, நடுவில் கறுப்பு, நுனியில் மஞ்சள்கலந்த ஆரஞ்சு என்று மூன்று பட்டையாக இருக்கும். உணர்கொம்பு ‘ஆரஞ்சா’ என்று மட்டும் கேட்டால் இதையும் டொமினுலாவில் சேர்த்துவிடுவோம். ‘அடியிலிருந்து நுனிவரை ஆரஞ்சா’ என்று கேளுங்கள்.

ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடல் ஓரத்திலும் இந்த ஊகம் செல்லாது. அங்கே டொமினுலாவின் உறவினர்கள் கூட்டமாக இருக்கிறார்கள். நிம்ஃபாவின் பெண்ணுக்கும் பிக்ளூமிஸின் பெண்ணுக்கும் உணர்கொம்பின் மேற்பக்கத்தில் கருமை ஓடியிருக்கும். எனவே மேலிருந்து பாருங்கள், கீழிருந்து பார்த்தால் எல்லாமே ஆரஞ்சாகத்தான் தெரியும். அடுத்து அடிவயிற்றின் கடைசித் தட்டு. டொமினுலாப் பெண்ணில் அது மஞ்சள். நிம்ஃபாப் பெண்ணில் கறுப்பு. ஒற்றைப் பார்வையில் வழக்கை முடிக்கும் அடையாளம் இது. ஆனால் அடிவயிற்றைப் படமெடுப்பவர் யார்? கண்ணாடிச் சன்னலில் ஏறும் குளவியை மறுபக்கத்திலிருந்து எடுத்தால் கொட்டு வாங்காமலே கிடைத்துவிடும்.

அதே உறவுக் கூட்டத்தின் கல்லிக்கஸ் இன்னும் தொல்லை. டொமினுலாவைவிடச் சிறியது, வெப்பமான தெற்கைச் சேர்ந்தது, செடித்தண்டுகளில் வெட்டவெளியில் கட்ட விரும்புவது; டொமினுலாவோ கூரை இடுக்கு, குழாய், பொந்து என்று மறைவிடம் தேடும். ஆனால் இவை சாய்வுகள்தாம், சட்டங்கள் அல்ல. 1980-கள்வரை வந்த எழுத்துகளில் டொமினுலாவையே கல்லிக்கஸ் என்று எழுதியிருப்பார்கள். பழைய கட்டுரையோடு உங்கள் படத்தை ஒப்பிட்டுப் பெயர் வைத்தால் அந்தக் குழப்பம் அப்படியே உங்கள் குறிப்புக்கும் வந்துவிடும். கட்டுரை வெளியான ஆண்டைப் பார்க்காமல் அதிலுள்ள பெயரை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: உடல் முழுக்கச் செம்பழுப்பு, கோடே இல்லை

வட அமெரிக்காவில் செந்நிறக் குளவிகளின் பெயர்களாகப் பெரும்பாலும் அடிபடுபவை போலிஸ்டஸ் கரோலினாவும் ரூபிஜினோசஸும். இவற்றை நிறத்தால் பிரிக்க முயல வேண்டாம். மார்பின் பின்சரிவில் குறுக்கே ஓடும் நுண்வரிகள் எவ்வளவு முரடு என்பதைப் போன்ற நுணுக்கங்களைத்தான் வல்லுநர்கள் பார்க்கிறார்கள். அதற்குக் கைபேசிப் படம் போதாது. மார்பு துருநிறம், வயிறு கறுப்பு என்று இரண்டாகப் பிரிந்திருந்தால் மெட்ரிக்கஸ். கருநிறக் குளவியின் வயிற்றில், முதல் வளையத்தின் ஓரத்தில், ஒரே ஒரு மெல்லிய மஞ்சள் கோடு என்றால் அன்யுலாரிஸ். ஆசியாவில் என்றால் இடுப்பைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள். பாதிக்குப் பாதி அது ரோப்பாலிடியாவாக இருக்கும்.

அறிகுறி: ஒரே கூட்டில் இரண்டு விதமான குளவிகள்

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றையும் வரிசையாக விலக்க வேண்டும்.

முதலாவது ஆண்கள். கூட்டில் ஆண்கள் கண்ணில் பட்டால் புதிய இனம் கண்டுவிட்டதாகப் பலர் துள்ளுகிறார்கள். மிதவெப்ப நாடுகளில் ஆண்கள் கோடையின் கடைசியில்தான் பெருமளவில் வருவார்கள். வெப்ப மண்டலத்தில் ஆண்டின் பல மாதங்களிலும் காணலாம். போலிஸ்டஸ் ஆணின் உணர்கொம்பு நுனியில் கொக்கிபோலச் சுருண்டிருக்கும். எண்ண முடிந்தால் எண்ணுங்கள்: ஆணுக்கு உணர்கொம்பில் 13 கணு, பெண்ணுக்கு 12; ஆணின் வயிற்றில் வெளியே தெரியும் வளையங்கள் 7, பெண்ணுக்கு 6. ஆணின் முகம் தட்டையாக, பெரும்பாலும் வெளிர் மஞ்சளாக இருக்கும். ஆணுக்குக் கொடுக்கு இல்லை. பெண்களுக்காக எழுதிய வழிகாட்டியை வைத்து ஆணுக்குப் பெயர் தேடினால் விடை தப்பாகத்தான் வரும். கடைசித் தட்டு மஞ்சளா கறுப்பா என்பதும் பெண்களுக்குரிய அடையாளம்தான்.

இரண்டாவது, தனிநபர் வேறுபாடு. வட அமெரிக்காவின் போலிஸ்டஸ் ஃபஸ்கேட்டஸில் ஒரே கூட்டில் உள்ள பெண்களின் முகங்கள்கூட ஒன்றுபோல ஒன்று இராது. அந்தக் குளவிகள் ஒன்றையொன்று முகம் பார்த்தே அடையாளம் காண்கின்றன என்பதை ஆய்வாளர் எலிசபெத் டிப்பெட்ஸ் 2002-இல் காட்டினார்: சாயம் பூசி முகக்குறியை மாற்றிய குளவியைக் கூட்டாளிகள் வழக்கத்தைவிட அதிகம் தாக்கின. டொமினுலாவில் வாய்க்கு மேலே உள்ள முகத்தட்டு மஞ்சள். அதில் கறுப்புப் புள்ளி இல்லாமலும் இருக்கலாம், ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கலாம், சிதறிய கறையாகவும் இருக்கலாம். சண்டையில் யார் வல்லவர் என்பதை இது காட்டுகிறது என்று 2004-இல் டிப்பெட்ஸும் ஜேம்ஸ் டேலும் எழுதினார்கள். நமக்கு வேண்டிய பாடம் வேறு: முகப்புள்ளியின் எண்ணிக்கையை வைத்து இனம் பிரிக்காதீர்கள். புள்ளி அந்தக் குளவியின் ஆள் அடையாளம். இனத்தின் அடையாளம் அல்ல.

மூன்றாவது, கூடு பறிப்பவர்கள். ஐரோப்பாவிலும் மத்தியதரைப் பகுதியிலும் சல்சிஃபர், செமனோவி, அட்ரிமாண்டிபுலாரிஸ் என்ற மூன்று போலிஸ்டஸ் இனங்கள் சொந்தமாகக் கூடு கட்டுவதில்லை; அவற்றுக்கு வேலைக்காரிகளும் இல்லை. பிற போலிஸ்டஸின் கூட்டில் புகுந்து, ராணியை அடக்கி, அந்தக் கூட்டாரையே தம் பிள்ளைகளை வளர்க்க வைக்கும். டொமினுலாக் கூட்டில் ஒரே ஒரு குளவி மட்டும் அகன்ற தலையும் தடித்த தாடையும் பருத்த முன்காலுமாக நின்றால் தாடையைக் கிட்டத்தில் எடுங்கள். சல்சிஃபரின் தாடையில் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் ஓடும். வேறு கண்டங்களில் இதே காட்சியைப் பார்த்தால் இந்த மூவரையும் தேட வேண்டாம்; முதல் இரண்டு காரணங்களுக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: வயிற்று வளையங்களுக்கு நடுவே ஏதோ துருத்துகிறது

கறையோ, புதிய நிறக்குறியோ அல்ல; உள்ளே ஒட்டுண்ணி இருக்கிறது. ஜீனோஸ் எனும் முறுக்கிறகிப் பூச்சி. பெண் ஒட்டுண்ணி வாழ்நாள் முழுக்கக் குளவிக்குள்ளேயே இருக்கும். தலைப்பகுதி மட்டும் தட்டையான பழுப்புச் செதிலாக வளையத்தின் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். ஆணின் கூட்டுப்புழு உருண்டையாக, கருத்த மூடியோடு துருத்தும். அது வெளியேறிய பிறகு ஓட்டை மிஞ்சும். ஜீனோஸ் பீடித்த டொமினுலாப் பெண் வேலை செய்யாது, கூட்டைவிட்டு வெளியேறிப் பிற நோயாளிகளோடு எங்காவது கூடிக் கிடக்கும். இப்படிப்பட்ட குளவியின் உடலளவையும் நடத்தையையும் அடையாளத்துக்கு நம்பாதீர்கள். உணர்கொம்பும் இடுப்பும் முகமும் போதும்.

அறிகுறி: குளவி இல்லை, கூடு மட்டும் இருக்கிறது

இனம் சொல்வது அரிது. பேரினம் பெரும்பாலும் சொல்லலாம். கூட்டைக் கழற்றித் திருப்பி, முதுகுப் பக்கத்தைப் பாருங்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து. புழு கூட்டுப்புழுவாக மாறும் முன் வயிற்றிலுள்ள கழிவை ஒரே தடவையில் வெளியேற்றுகிறது. போலிஸ்டஸ் கூட்டில் அது கறுத்து இறுகி அறையின் அடியிலேயே கிடக்கும். ரோப்பாலிடியா, பாராபோலிபியா, பெலோனோகாஸ்டர் மூன்றும் சுத்தக்காரர்கள்: அறையின் அடியை வெளியிலிருந்து கடித்துத் துளைத்து, கழிவை எடுத்துப் போட்டுவிட்டு, துளையை உமிழ்நீர்ப் பசையால் மூடுகின்றன. காய்ந்த பசை ஒளி ஊடுருவும் சின்னச் சின்னச் சன்னல்களாகத் தெரியும். கூட்டின் முதுகில் சன்னல்கள் இருந்தால் போலிஸ்டஸ் அல்ல. ஒரு தலைமுறையும் வெளிவராத இளங்கூட்டில் இந்தச் சோதனை பயன்படாது.

மூடிய அறைகளின் மூடி, புழு நூற்ற பட்டு. பெரும்பாலும் வெள்ளை. ஜப்பானின் போலிஸ்டஸ் நிப்போனென்சிஸில் அது பளிச்சென்ற மஞ்சள். அங்கே அந்த ஒன்றை வைத்தே எட்ட நின்று பெயர் சொல்கிறார்கள்.

அறிகுறி: பழைய மாதிரி, நிறம் சரியாக இல்லை

சயனைடு வைத்துக் கொன்ற குளவிகளில் மஞ்சள் சிவப்பாக மாறிவிடும். வெயிலில் கிடந்தவை பழுப்பாகும். சேகரிப்புப் பெட்டியில் ‘சிவப்புக் குளவி’ ஒன்றைப் பார்த்தால், எப்படிக் கொல்லப்பட்டது என்று சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். வரிகள், பள்ளங்கள், கணுக்களின் எண்ணிக்கை ஆகியவை மாறுவதில்லை, அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எல்லாம் பார்த்தும் இரண்டு பெயர்கள் மிஞ்சுகின்றன

அப்படியே விட்டுவிடுங்கள். இது உங்கள் குறையாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் போலிஸ்டஸ் பிஸ்காஃபி என்ற ஒரே பெயரில் இரண்டு இனங்கள் ஒளிந்திருந்தன என்பது 2014-இல்தான், உடல் அளவீட்டையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த பிறகு வெளிவந்தது. அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களுக்கே அந்த நிலை.

குறிப்பில் பேரினத்தை மட்டும் எழுதுங்கள். அதன் கீழே மிஞ்சிய இரண்டு பெயர்களையும், அவற்றைப் பிரிக்க எந்த அடையாளம் தெரிய வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ‘போலிஸ்டஸ். டொமினுலா அல்லது நிம்ஃபா. பெண். அடிவயிற்றின் கடைசித் தட்டு படத்தில் இல்லை.’ இவ்வளவு இருந்தால், அடுத்த வாரம் அதே கூட்டுக்குப் போகும்போது எந்தப் பக்கத்தைப் படமெடுக்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. வேறொருவர் உங்கள் குறிப்பைத் திருத்த வந்தாலும் எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.